நூலக வரியும் மாநில அரசின் பங்கும்: கிளை நூலகத்துக்குப் பணம் ஏன் முழுதாக வந்து சேர்வதில்லை?

செங்கழுநீர் (இழையைத் தொடங்கியவர்)

தமிழ்நாட்டில் சொத்து வரி செலுத்துகிற எவரும் நூலகத்துக்கும் சேர்த்தே வரி செலுத்துகிறார். சொத்து வரியில் 10 விழுக்காடு நூலக வரி. ஆண்டுக்கு 4,000 ரூபாய் சொத்து வரி விதிக்கப்பட்ட வீட்டிலிருந்து 400 ரூபாய் நூலகத்தின் பெயரால் வசூலாகிறது. சில ரசீதுகளில் இதற்கென்று தனிக் கட்டம் இருக்கும். வேறு சிலவற்றில் மொத்தத் தொகைக்குள் அடங்கிவிடுவதால், கட்டுகிறவருக்கே இப்படியொரு வரியைக் கட்டுவது தெரியாது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948-இல் இயற்றப்பட்ட சென்னை பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகளாக விடாமல் வலியுறுத்திவந்த கருத்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சட்ட வடிவம் பெற்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் வரி ரூபாய்க்கு 6 தம்பிடி, அதாவது ஏறத்தாழ 3 விழுக்காடு. அதுவே படிப்படியாக உயர்ந்து இன்று 10 விழுக்காடாகியிருக்கிறது. ஆந்திரத்தில் 8, கர்நாடகத்தில் 6, கேரளத்தில் 5 என்று வைத்துப் பார்த்தால், நூலகத்துக்காக மக்களிடம் அதிக விகிதத்தில் வரி கேட்கிற மாநிலம் நம்முடையது.

இவ்வளவு வலுவான சட்டம் இருந்தும், கிளை நூலகங்களின் அலமாரிகளில் புதிய நூல்கள் ஏன் இல்லை என்பதே என் கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலக வரி அரசு கொடுக்கும் கொடை அன்று. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் ஒப்படைக்கும் பணம். அந்தப் பணம் வசூலாகிறது என்பதைக் காரணம் காட்டி, மாநில அரசு தன் பொது வருவாயிலிருந்து நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. வரியும் வேண்டும், அரசின் நேரடி நிதியும் வேண்டும். இரண்டும் தனித்தனியாகக் கணக்குக் காட்டப்பட வேண்டும். இந்தத் துறையில் இருந்தவர்களும் இருப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நகராட்சிக் கணக்கர்

உள்ளாட்சி அமைப்பொன்றில் நீண்ட காலம் கணக்குப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில், பணம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

சொத்து வரி, நூலக வரி இரண்டும் ஒரே ரசீதில், ஒரே நேரத்தில், ஒரே வங்கிக் கணக்கில் வந்து விழுகின்றன. நூலக வரி உள்ளாட்சியின் வருவாய் அன்று. மாவட்டத்தின் கிளை நூலகங்களை நடத்தும் அமைப்பான மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்காக நாம் வாங்கி வைத்திருக்கும் பணம். பேரேட்டில் அது செலுத்த வேண்டிய பொறுப்பாகத்தான் பதிவாகும். ஆனால் மாதக் கடைசியில் வங்கியில் இருக்கும் தொகைக்குப் பலர் காத்திருப்பார்கள். துப்புரவுப் பணியாளர் ஊதியத்தை ஒரு நாள் கூடத் தள்ளிப்போட முடியாது. மின் கட்டணத்தைக் கட்டாவிட்டால் தெருவிளக்குக்கும் குடிநீர் ஏற்றும் மோட்டாருக்கும் இணைப்பு இருக்காது. ஒப்பந்ததாரர் பட்டியலோடு நேரில் வந்து நிற்பார். நூலக ஆணைக்குழுவோ ஒரு கடிதம் அனுப்பும், பிறகு ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பும். எந்தக் கோப்பு கீழே போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் பணத்தைக் கையாடுவதில்லை. ஒவ்வொரு மாதமும் வேறொன்று அவசரமாகிவிடுகிறது, அவ்வளவுதான். சில ஆண்டுகள் இப்படியே போனால் நிலுவை மலைக்க வைக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். அப்போது மனம் வைத்தாலும் ஒரே தவணையில் கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேட்புத் தொகை, அதாவது அந்த ஆண்டில் மக்கள் கட்ட வேண்டியதாகக் கணக்கிட்ட தொகை, வேறு; வசூல் வேறு. சொத்து வரியே முழுதாக வசூலாகாத ஊரில் நூலக வரியும் அதே அளவுக்குக் குறையும். ஆணைக்குழு கேட்பை வைத்துத் திட்டமிட்டால் ஆண்டு முடிவில் பற்றாக்குறைதான் மிஞ்சும்.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. இணையவழியில் வரி கட்டும் வசதி பரவலாகிவிட்ட நிலையில், பணம் செலுத்தப்படும் நொடியிலேயே 10 விழுக்காட்டுப் பங்கு ஆணைக்குழுவின் கணக்குக்குத் தானாகப் பிரிந்து போகும்படி மென்பொருளில் அமைத்துவிடலாம். பழைய நிலுவையை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வரும் பகிர்வுத் தொகையிலிருந்து தவணைகளாகப் பிடித்தம் செய்து ஆணைக்குழுவுக்கு மாற்றலாம். இரண்டுக்கும் அரசாணை போதும் என்பது என் கருத்து.

பழைய நூலகர்

கணக்கர் ஐயா சொன்னது பணம் வருவதற்கு முன் நடப்பது. பணம் வந்த பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். ஊர்ப்புற நூலகத்தில் தொடங்கி முழுநேரக் கிளை நூலகத்தில் ஓய்வு பெற்றவன் நான்.

ஒரு கிளை நூலகத்தின் செலவுகளுக்கு எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. முதலில் ஊதியம். பிறகு, சொந்தக் கட்டடம் இல்லையென்றால் வாடகை. அதன்பின் மின்சாரம், நாளிதழ், பருவ இதழ். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் வருகிறவர்கள் நாளிதழ் வாசகர்கள்தான் என்பதால் அதை நிறுத்தவே முடியாது. இவையெல்லாம் போக மிஞ்சுவதில்தான் நூல் வாங்க வேண்டும், கிழிந்த நூலைக் கட்டுமானம் (பைண்டிங்) செய்ய வேண்டும், கூரை ஓட்டையைச் சரிசெய்ய வேண்டும். நிதி குறையும் ஆண்டில் ஊதியம் குறைவதில்லை, குறையவும் கூடாது, வாடகையும் குறைவதில்லை. ஆகவே குறைவு முழுவதும் நூலின் தலையில் விழுகிறது. மொத்த நிதி கொஞ்சம் குறைந்தாலே நூல் வாங்கும் தொகை பாதியாகிவிடுவது இதனால்தான்.

நான் பார்த்த ஒரு கிளையில் மழைக்காலம் வந்தால் வடக்குச் சுவரை ஒட்டிய அலமாரிகளை நடுக்கூடத்துக்கு இழுத்து வைத்துத் தார்ப்பாயால் மூடிவிடுவோம். அந்த அலமாரிகளில் இருந்தவை நாவல்கள், வரலாறு, சிறுவர் நூல்கள். மழை நிற்கும்வரை அவற்றை யாரும் எடுக்க முடியாது. சிறுவர் நூல்களின் பின்னட்டை உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்த்தால், மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக முத்திரை விழுந்திருக்கும். மழை மாதங்களில் மட்டும் இடைவெளி தெரியும். கூரையைச் சரிசெய்ய மதிப்பீடு தயாரித்து அனுப்பினோம். நிதி இல்லை என்றே பதில் வந்தது. அதே நேரத்தில் அந்த ஊரின் உள்ளாட்சியிடமிருந்து எங்கள் ஆணைக்குழுவுக்கு வர வேண்டிய நூலக வரி நிலுவையில் இருந்தது.

ஆகவே நண்பர் செங்கழுநீர் வைக்கும் கோரிக்கையோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நூலகப் பணியாளர் ஊதியம் முழுவதையும் மாநில அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்தே ஏற்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் ஊதியத்தை எந்த வீட்டு வரியோடும் யாரும் முடிச்சுப் போடுவதில்லையே. நூலக வரி நூலுக்கும் கட்டடத்துக்கும் வாசகருக்கும் என்று ஒதுக்கப்பட்டால், அதன் பயன் வரி கட்டியவரின் கண்ணுக்குத் தெரியும். சிறப்புக் காலமுறை ஊதியத்திலும் அதற்கும் குறைவான தொகுப்பூதியத்திலும் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய ஊர்ப்புற நூலகர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஒரே ஆள் கதவைத் திறந்து, கூட்டி, நூல் வழங்கி, பதிவேடு எழுதி, கதவைப் பூட்டுகிற நூலகங்கள் அவை.

கிளைவாசகி

போட்டித் தேர்வுக்குப் படிப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். என்னைப் போன்றவர்களுக்குக் கிளை நூலகம் என்பது நூல் எடுக்கும் இடம் மட்டுமன்று. வீட்டில் இல்லாத மேசையும் விளக்கும் அமைதியும் அங்கேதான் கிடைக்கின்றன. நூலகத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் இந்த மூன்றாகவும் மாறுகிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

எங்கள் பகுதிப் பெண்கள் பலர் மாலையில் ஆறு மணிக்கு மேல் நூலகத்தில் தங்குவதில்லை. காரணம் கழிப்பறை. அது இல்லாத நூலகமும், இருந்தும் பூட்டியே கிடக்கிற நூலகமும் பெண்களுக்குப் பாதி நேரம்தான் திறந்திருக்கின்றன என்று பொருள். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. ஆனால் எந்தத் தலைப்பில் செலவழிப்பது என்று கேட்டுக் கோப்பு நின்றுவிடுகிறது.

ஒரு கேள்வியும் இருக்கிறது. சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, மதுரையில் 2023-இல் ஏறத்தாழ 215 கோடி ரூபாயில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இவற்றுக்கு அரசு தாராளமாகச் செலவிடுகிறது. அப்படியென்றால் பணம் இருக்கிறது என்றுதானே பொருள்? பெரிய நூலகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதுரை நூலகத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அங்கே குழந்தைகள் பிரிவில் பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அந்த இடத்துக்குத் தினமும் போகக்கூடியவர்கள் அந்த மாநகரில் வசிப்பவர்கள் மட்டும்தான்.

செங்கழுநீர்

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். கட்டடம் கட்டுவது மூலதனச் செலவு. ஒரு முறை நிதி ஒதுக்கி, அடிக்கல் நாட்டி, திறப்பு விழா நடத்தி முடித்துவிடலாம். கிளை நூலகத்துக்குத் தேவைப்படுவது ஆண்டுதோறும் தொடரும் செலவு. அரசுகளுக்கு முதல் வகை எளிது, இரண்டாம் வகை கடினம். பெரிய நூலகங்களுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011-இல் அறிவிப்பு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால்தான் அது நூலகமாகவே நிலைத்தது. அந்த ஆண்டுகளில் பராமரிப்பு எப்படி இருந்தது என்பதை அங்கே போய்வந்தவர்கள் அறிவார்கள். சட்டத்தால் உறுதி செய்யப்பட்ட தொடர் நிதி இல்லையென்றால் எட்டு மாடிக் கட்டடமும் ஆட்சியாளரின் விருப்பத்தை நம்பியே நிற்க வேண்டும்.

பொருநைக்கரை

இதுவரை எழுதிய அனைவரும் நூலக வரி ஒழுங்காக வந்துவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது போல எழுதுகிறீர்கள். நான் அதை ஏற்கவில்லை. சொத்து வரியை அடிப்படையாகக் கொண்ட நிதி, இயல்பிலேயே சமமற்றது. மாநகரத்தில் அடுக்ககங்களும் வணிக வளாகங்களும் இருக்கின்றன. அங்கே சொத்து வரி மிகுதி, நூலக வரியும் மிகுதி. ஓட்டு வீடுகளும் தொகுப்பு வீடுகளும் நிறைந்த ஊராட்சியில் ஒரு வீட்டின் ஆண்டு வரியே சில நூறு ரூபாய்க்குள் இருக்கும்; அதில் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு ஒரு நாளிதழுக்குக் கூடச் சந்தா கட்ட முடியாது. வீட்டில் நூல் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் எங்கே அதிகமாக இருக்கின்றனவோ அங்கேதான் நூலக நிதி குறைவாக இருக்கிறது. கணக்கர் ஐயா சொல்லும் மென்பொருள் இந்த ஏற்றத்தாழ்வைத் துல்லியமாக நடைமுறைப்படுத்துமே தவிர, போக்காது.

இதைச் சமன்செய்யக்கூடியது மாநில அரசு ஒன்றுதான். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 12-ஆம் இனமாக நூலகங்கள் இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே பொறுப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை. கொல்கத்தாவிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை 1972 முதல் மத்திய அரசின் சார்பில் உதவி வழங்கிவருகிறது. ஆனால் அதன் உதவியில் ஒரு பகுதி, மாநிலம் தன் பங்கைப் போட்டால்தான் கிடைக்கும். நாம் கொடுக்காமல் இருந்தால் அதுவும் சேர்ந்து குறையும்.

கேரளத்தின் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். அங்கே வரி 5 விழுக்காடுதான். ஆனால் மாநிலத்தின் கல்வி ஒதுக்கீட்டில் குறைந்தது 1 விழுக்காட்டை நூலகக் கவுன்சிலுக்கு அரசு கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வரி குறைவு, அரசின் கடமை தெளிவு. நம் சட்டமும் அரசின் பங்களிப்பை நூலக நிதிக்கான வருவாய்களில் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. ஆனால் கல்வி ஒதுக்கீட்டோடு சேர்ந்து வளரும் ஒரு விகிதமாக அது அமையவில்லை. மகாராஷ்டிரத்தில் நூலக வரியே இல்லை. அரசின் மானியத்தில்தான் அங்கே நூலகங்கள் நடக்கின்றன. அது எல்லாவற்றையும் ஆண்டு ஒதுக்கீட்டின் தயவில் விட்டுவிடும் என்பதால் அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை.

நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடம் கிடைத்தது. மிகப் பரந்த முயற்சி அது. ஆனால் அவை மாநில அரசின் பொது நூலக இயக்ககத்தின் கீழ் வராமல் ஊராட்சிகளின் பொறுப்பில் விடப்பட்டன. பார்த்துக்கொள்பவருக்கு மிகச் சிறிய மதிப்பூதியம், நூல் புதுப்பிக்கத் தொடர் நிதி இல்லை. இன்று அவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன, சில பண்டகசாலையாகிவிட்டன. கட்டடம் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது.

அச்சுக்கூடம்

சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். நூலகங்களுக்கான நூல் கொள்முதல் தமிழ்ப் பதிப்புலகத்தின் முதுகெலும்பு. கவிதையையும் ஆய்வு நூலையும் துணிந்து அச்சிட முடிவதற்கு நூலக ஆணை வரும் என்ற நம்பிக்கையே காரணம். அந்த ஆணை ஓராண்டு தவறினால், அடுத்த ஆண்டு விற்பனை உறுதியுள்ள நூல்களை மட்டும் போடுவோம். தமிழில் புதியவர்கள் எழுதுவது அச்சுக்கு வராமல் போகும். ஆணை வந்து, நூலை அனுப்பிய பின்னும் தொகைக்காகக் காத்திருக்க நேரிடுகிறது. பாரம் (ஒரே தாளில் அச்சாகும் பக்கங்களின் தொகுப்பு) ஒன்றுக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கும் விலை தாள் விலையோடு சேர்ந்து உயர்வதில்லை. அதனால் மெல்லிய தாள், பலவீனமான கட்டுமானம் என்று நூலின் தரம் இறங்குகிறது. ஐம்பது வாசகர் கைமாறுவதற்குள் நூல் உதிர்ந்துவிடுகிறது. இணையவழிப் பதிவு முறை வந்தபின் தேர்வில் வெளிப்படைத்தன்மை கூடியிருக்கிறது, அதை வரவேற்கிறேன். ஆனால் நூலுக்கென்று பிரித்து வைத்த நிதி இல்லாதவரை, எந்த முறையும் பணம் வரும் நாளை உறுதி செய்யாது.

பழைய நூலகர்

பதிப்பகத்து நண்பரின் வருத்தம் புரிகிறது. எங்கள் பக்கத்து வருத்தத்தையும் அவர் அறிய வேண்டும். கட்டுக் கட்டாக வரும் நூல்களைப் பிரிக்கும்போது, எங்கள் வாசகர் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு நூலாவது இருக்குமா என்று தேடுவோம். விவசாயிகள் நிறைந்த ஊருக்குப் பொறியியல் நூல்களும், பொறியியல் மாணவர்கள் வரும் கிளைக்குச் சமையல் நூல்களும் வந்ததுண்டு. ஒதுக்கும் நூல் நிதியில் கால் பங்கையாவது கிளை நூலகரும் வாசகர் வட்டமும் சேர்ந்து தேர்வு செய்ய விட்டால், அலமாரியில் தூங்கும் நூல்களின் எண்ணிக்கை குறையும். 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். எந்த நூல் வேண்டும் என்று அவர்களைக் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

செங்கழுநீர்

பொருநைக்கரை அவர்களின் வாதம் வலுவானது. நான் மாறுபடுவது ஓர் இடத்தில்தான். ஏற்றத்தாழ்வைப் போக்குவதற்காக வசூலாகும் வரி முழுவதையும் சென்னைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பகிர்ந்தால், தன் ஊர் நூலகத்துக்கு வரி கட்டுகிறோம் என்ற உணர்வு மக்களிடம் இல்லாமல் போய்விடும். நினைத்த நேரத்தில் வேறு செலவுக்குத் திருப்புவதும் எளிதாகிவிடும். வரி அந்தந்த மாவட்டத்திலேயே தங்கட்டும். அதற்கு மேல், ஒரு நபருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச நூலகச் செலவை அரசு வரையறுத்து, எந்த மாவட்டத்தில் வரி வருவாய் அதை எட்டவில்லையோ அங்கே பற்றாக்குறையைப் பொது வருவாயிலிருந்து நிரப்பட்டும். ஊதியத்தை அரசு ஏற்பதும், குறைந்தபட்சத்தை அரசு நிரப்புவதும் சேர்ந்தால், யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை வலியுறுத்துகிறபடி நூலகம் சட்டத்தாலும் அரசு நிதியாலும் தாங்கப்படும் பொதுச் சேவையாக நம் சிற்றூர்களிலும் நிலைக்கும்.

பொருநைக்கரை

குறைந்தபட்ச வரையறை என்ற வடிவில் என்றால் எனக்கும் உடன்பாடுதான். ஊராட்சி நூலகங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிளைவாசகி

இவற்றை யாரிடம், எப்படிக் கேட்பது? எங்கள் ஊரில் எவ்வளவு வசூலாகிறது, எவ்வளவு நூலகத்துக்குப் போகிறது என்று தெரியாமல் மனு எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

நகராட்சிக் கணக்கர்

அம்மா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு இரண்டு மனுக்களை ஒரே நாளில் அனுப்புங்கள். ஒன்று உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, மற்றொன்று மாவட்ட நூலக ஆணைக்குழு அலுவலகத்துக்கு. ஏன் செலுத்தவில்லை என்று காரணம் கேட்காதீர்கள். பதிவேட்டில் உள்ளதை மட்டும் கேளுங்கள். நகராட்சியிடம், கடந்த மூன்று நிதியாண்டுகளில் நூலக வரியின் கேட்பு, வசூல், ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகை, செலுத்திய தேதி, ஆண்டு முடிவில் இருந்த நிலுவை ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கேளுங்கள். ஆணைக்குழுவிடம், அதே உள்ளாட்சியிலிருந்து பெற்ற தொகையையும் தேதியையும், உங்கள் கிளைக்கு நூல், நாளிதழ், வாடகை, பராமரிப்பு என்று தலைப்புவாரியாகச் செலவிட்டதையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இரண்டு பதில்களையும் அருகருகே வைத்து, தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். தொகைகள் பொருந்தவில்லையென்றால், உள்ளாட்சி நிதித் தணிக்கையின் அறிக்கையில் அந்த ஆண்டுகளுக்கான பத்திகளின் நகலைக் கேட்டு அடுத்த மனுவை அனுப்பலாம். பதில் வந்ததும் இந்த இழையில் இடுங்கள். எந்தத் தலைப்பில் என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.